புதுத்தண்ணிக்கு மீன் ஏற வழி: வாசகர் கேள்வி – பதில்

தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, பாம்பாறு என்று செட்டிநாட்டில் ஓடுபவை எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய ஆறுகள். ஆற்றைச் சீரமைப்பது பற்றியும் தடுப்பணைகளில் மீனுக்கு வழி விடுவது பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் ஊர் ஆற்றில் நாலடி உயரத்துக்குத் தடுப்பணை கட்டினார்கள். மழைக்காலத்தில் அணைக்குக் கீழே மீன் குவிகிறது; ஆளாளுக்கு வலைபோட்டு அள்ளுகிறார்கள். மேலே உள்ள கண்மாயில் கெண்டையும் கெளுத்தியும் அருகிவிட்டன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? பாதி வருடம் வறண்டு கிடக்கும் ஆற்றுக்கு மீன்பாதை தேவையா?
– வாசகர், தேவகோட்டை

தொடர்பு உண்டு. கோடையில் ஆறு வற்றும்போது மீன்கள் மடுக்களிலும் கண்மாயின் ஆழமான பகுதியிலும் ஒதுங்கிக் கிடக்கும். முதல் வெள்ளம் வந்ததும் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். புல் மூழ்கிய ஆழமில்லாத கரையோரம், வரத்துக்கால், தண்ணீர் நிற்கும் வயல் ஆகியவைதான் கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, ஆரல் எல்லாவற்றுக்கும் முட்டையிடும் இடம். அங்கே போய்ச் சேராத மீன் அணைக்குக் கீழேயே மாட்டிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் குவியல் மீன் பெருகியதற்கு அடையாளம் இல்லை. வழி மறிக்கப்பட்ட சினைமீன் அது.

ஆறு வறள்வது மீன்பாதை வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது. வெள்ளம் ஓடும் சில வாரங்களுக்குள் ஏறி, முட்டையிட்டு, குஞ்சு இறங்கி முடிய வேண்டும். எனவே இங்கே ஒரு வாரத் தடைகூட அந்த வருடத்தின் இனப்பெருக்கத்தையே கெடுத்துவிடும். வருடம் முழுக்க ஓடும் ஆற்றில் தவறவிட்ட மீனுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கும். இங்கே இருக்காது.

மீன்பாதை கட்டும்வரை பணம் செலவில்லாத ஒரு காரியம் செய்யலாம். தண்ணீர் அணையைத் தாண்டி வழியத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வாரம், அணைக்குக் கீழே 100 அடிக்குள் வலை, ஊத்தா, பறி (இரண்டும் மீன் பிடிக்கும் கூடைகள்) எதுவும் போடுவதில்லை என்று ஊர்க்கட்டுப்பாடு வையுங்கள். விரால் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். சிவந்த குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் தெரிந்தால், அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அவற்றைப் பிடித்தால் அந்தக் கூட்டமே மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

தடுப்பணையை இடிக்காமல் மீன் ஏற வழி செய்ய முடியுமா? கொத்தனாரிடம் காட்டும் அளவுக்கு அளவுகள் தர வேண்டும்.
– வாசகர், கல்லல்

முடியும். இடிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. நம் மீன்கள் சிறியவை. தாவிக் குதிக்கிற இனங்கள் குறைவு. வெளிநாட்டுப் படங்களில் வரும் உயரமான கான்கிரீட் படிகள் இங்கே பயன்படாது. நமக்குப் பொருந்துவது, அணையின் ஒரு கரையோரமாகக் கருங்கல்லில் அமைக்கும் மென்மையான சரிவு.

கணக்கு எளிது. கல் இடுக்கு வழியே விழும் தண்ணீரின் வேகத்தைத் தீர்மானிப்பது, இடுக்குக்கு மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வித்தியாசம். ஓர் அடி வித்தியாசம் இருந்தால் விநாடிக்கு சுமார் 8 அடி வேகம். 3 அங்குலம் என்றால் 4 அடி. ஒரு மீன் சிறிது நேரத்துக்கு விநாடிக்குத் தன் நீளத்தைப் போல் சுமார் பத்து மடங்கு தூரம் பாயும் என்பது பொதுவான மதிப்பு. ஆகவே 5 அங்குலக் கெண்டை 3 அங்குலப் படியைத் தாண்டும். ஓர் அடிப் படி அதற்குச் சுவர்தான். அயிரை, ஆரல் போன்றவை இந்த வேகத்தைக்கூட நடுவில் எதிர்க்க முடியாமல், கல்லின் நிழலிலும் அடியோரச் சரளையிலும் ஒட்டி ஒட்டி ஏறும். அதனால்தான் வழவழப்பான சிமெண்ட் பூச்சு கூடாது என்கிறோம்.

நாலடி அணைக்கு 3 அங்குலம் வீதம் 16 படிகள். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் 5 அடி இடைவெளி விட்டால் மொத்த நீளம் 80 அடி. அதாவது 20 அடிக்கு ஓர் அடி சரிவு. அகலம் 10 அடி. ஒவ்வொரு படியும் ஒரு கல்வரிசை. 18 முதல் 20 அங்குல அகலம், இரண்டே கால் அடி உயரம் உள்ள கல் ஐந்து, வரிசைக்கு. ஒரு கல் 350 முதல் 400 கிலோ வரும். ஜேசிபியில் சங்கிலி கட்டித்தான் இறக்க முடியும். கல்லில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மண்ணுக்குள் புதைய வேண்டும். கற்களுக்கு நடுவே 5 அங்குல இடுக்கு. அடுத்த வரிசையின் இடுக்கு முந்தைய வரிசையின் கல்லுக்கு நேராக விழும்படி மாற்றி மாற்றி வையுங்கள். நேர்கோட்டில் வைத்தால் தண்ணீர் மேலிருந்து கீழ்வரை ஒரே பாய்ச்சலாக ஓடிவிடும். வரிசைகளுக்கு நடுவே ஓர் அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். மீன் அங்கே இளைப்பாறும். குறுக்காகப் பார்த்தால் பாதை நடுவில் 6 அங்குலம் குழிந்திருக்கட்டும். வெள்ளம் வடிந்து தண்ணீர் குறையும்போது மிச்சமுள்ளது நடுவில் கூடி ஓடும்.

அடிக்கட்டுக்கு அரை அடி முதல் ஓர் அடி வரை அளவுள்ள உடைகல், பக்கச் சரிவையும் அடிக்கால் குழியையும் சேர்த்து சுமார் 20 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) தேவைப்படும். வரிசைக்கல் 80. நம் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் செம்பூரான் கல்லை இதற்குப் போடாதீர்கள். வீட்டுச் சுவருக்கு நல்ல கல், வெள்ளத்தின் உரசலுக்குத் தேய்ந்து போகும்.

இனி, எங்கே கெடும் என்று பார்ப்போம். முதலாவது, தண்ணீர் கல்லுக்கு மேலே ஓடாமல் கல்லுக்குள் இறங்கிவிடுவது. குவித்த கல்லின் சந்துகளை நிரப்பாமல் விட்டால், வெள்ளம் குறைந்ததும் பாதை காய்ந்துவிடும்; பார்க்க அழகாக இருக்கும், ஒரு மீனும் ஏறாது. உடைகல் அடுக்கும்போதே களிமண் கலந்த கிராவலைக் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்து இறக்குங்கள். உச்சியில் ஒன்று, பிறகு ஐந்து வரிசைக்கு ஒன்று என்று குறுக்கே மெல்லிய கான்கிரீட் தடுப்பு வையுங்கள்.

இரண்டாவது, அடிக்கால் அரிப்பு. பாதை முடியும் இடத்தில்தான் தண்ணீர் புரண்டு மண்ணைத் தோண்டும். கடைசி வரிசையை ஆற்றுப் படுகைக்குக் கீழே இரண்டு முதல் மூன்றடி ஆழக் குழியில் பெரிய கல் போட்டு ஊன்றுங்கள். அதைத் தாண்டி மணலில் ஒரு பள்ளம் தானாக விழும். அதை மூடாதீர்கள், மீன் கூடி நிற்க அது வேண்டும்.

மூன்றாவதை அனுபவமுள்ள பொறியாளர்களே கோட்டைவிடுகிறார்கள். ஏறி வரும் மீன் தண்ணீர் விழும் சத்தத்தையும் வேகத்தையும் பின்பற்றி அணையின் அடிவாரம்வரை வந்து முட்டும். அங்கிருந்து 80 அடி திரும்பிப்போய்ப் பாதையின் வாசலைத் தேடாது. ஆகவே பாதை நேராகக் கீழ்நோக்கி நீளக் கூடாது. கரையைக் குடைந்து ஆற்றின் மேற்பகுதியில் தொடங்கி, வளைந்து வந்து, அணையின் அடிவாரத்துக்குப் பக்கத்திலேயே வாசல் விழ வேண்டும். கரையில் இடமில்லை என்றால் பாதையை நடுவில் ஒருமுறை மடக்கித் திருப்புங்கள். பாதையின் உச்சி அணையின் உச்சியைவிட 6 அங்குலம் தாழ்ந்திருந்தால், முதலில் வழிவதும் கடைசியில் நிற்பதும் பாதையாகவே இருக்கும். நிறைந்து ஓடும்போது இந்த அளவுள்ள பாதை விநாடிக்கு சுமார் 150 லிட்டர் எடுக்கும்.

மட்டத்தைக் கண்ணளவில் விடாதீர்கள். டியூப் லெவல் வைத்து ஒவ்வொரு வரிசையையும் சரிபாருங்கள். 16 படியில் ஒரு படி 7 அங்குலமாக அமைந்துவிட்டால், பாக்கி 15 படியும் வீண்.

6 அங்குலம் தாழ்த்தினால் எங்கள் பாசனத் தண்ணீர் போய்விடுமே? ஆயக்கட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள்.
– வாசகர், புதுவயல்

அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுக் காட்டினால்தான் பேச்சு நகரும். அணைக்கு மேலே 60 அடி அகலத்தில் 1000 அடி தூரம் தண்ணீர் தேங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் 6 அங்குலம் என்பது 30,000 கன அடி, ஏறத்தாழ எட்டரை லட்சம் லிட்டர். நான்கு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் ஒரு முறை பாய்ச்சும் தண்ணீர். தை மாதம் கதிர் முற்றும் நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அந்த இழப்பைத் தவிர்க்கலாம். பாதையின் உச்சியில் இரு பக்கமும் காடி வெட்டிய கான்கிரீட் தூண் வைத்து, 6 அங்குலப் பலகை செருகும்படி செய்யுங்கள். வெள்ளம் ஓடும்வரை பலகை வெளியே இருக்கட்டும். அப்போது எப்படியும் உபரி நீர் கடலுக்குத்தான் போகிறது. அணையின் உச்சியில் வழிவது நின்ற அன்றே பலகையைப் போட்டுவிடலாம். மறுபடி மழை வந்து அணை வழிந்தால் எடுத்துவிட வேண்டும். பலகையின் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும். மடை திறந்து அடைக்கும் நீர்ப்பாய்ச்சியே அதற்குச் சரியான ஆள். அவருக்கு ஊர் தரும் கூலியில் இந்த வேலைக்கும் சேர்த்துக் கொடுங்கள். கூலி இல்லாத பொறுப்பு இரண்டாம் வருடமே காணாமல் போகும்.

ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டால் நாலு பேர்தான் பேசுகிறார்கள். உருப்படியாக எப்படிக் கேட்பது?
– வாசகி, கோட்டையூர்

கூட்டத்தில் தொடங்காமல் நடையில் தொடங்குங்கள். வைகாசியில், ஆறு காய்ந்து எல்லாக் கட்டுமானமும் கண்ணுக்குத் தெரியும்போது ஒரு முறை. ஐப்பசியில் வெள்ளம் ஓடும்போது ஒரு முறை. பறி போடும் முதியவர், நீர்ப்பாய்ச்சி, ஆடு மேய்ப்பவர், துணி துவைக்கப் போகும் பெண்கள், கடைமடை விவசாயி ஆகியோர் கட்டாயம் வர வேண்டும். கேட்க வேண்டியவை இவைதான்: புதுத்தண்ணிக்கு முதலில் ஏறும் மீன் எது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, கோடையில் கடைசியாக வற்றும் மடு எது, முன்பு பார்த்து இப்போது காணாத மீன் எது. இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் திட்டத்தில் பாதி முடிந்த மாதிரி.

பிறகு கோயில் திடலில் கோலமாவால் ஆற்றை வரைந்து, அணை, கலுங்கு (கண்மாயின் உபரி நீர் வழியும் இடம்), சிறுபாலம், மடு எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அங்கே திருத்தம் சொல்வார்கள். கீழ்ப்பக்கத்துக் குடியிருப்பு மக்களிடம் அவர்கள் இடத்துக்கே போய்த் தனியாகக் கேளுங்கள். ஊர்த் தலைவரான அம்பலகாரர் முன்னால் அவர்கள் வாய் திறக்காததைச் சம்மதமாக எடுத்துக்கொண்ட திட்டங்கள் பின்னால் சண்டையில் முடிகின்றன.

கேட்டதை எழுதி, கிராம சபையில் வாசித்து, தீர்மானமாக்குங்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அவற்றில் அக்டோபர் 2 நமக்கு மழைக்கு முந்தைய நாள்: பலகை எடுப்பது, வலைக்கட்டுப்பாடு ஆகியவற்றை அன்று முடிவு செய்யலாம். ஜனவரி 26-ல் அந்த வருட நிலவரம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ல் பழுதுபார்க்கும் வேலை.

அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். ஆறும் தடுப்பணையும் நீர்வளத் துறைக்கு உட்பட்டவை என்றால் அவர்களின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். கண்மாய்களில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை அந்தத் துறையிடம், அதற்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொண்டு தீர்மான நகலோடு போங்கள்.

கண்மாய்க் கலுங்கிலும் இதே மாதிரி செய்யலாமா?
– வாசகர், அரிமளம்

செய்யலாம், கலுங்கின் ஓர் ஓரத்தில், வெளிப்பக்கத்தில். நட்டு வைத்த கலுங்குக் கற்களைப் பிடுங்கவோ உடைக்கவோ வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கத்துப் பழைய கண்மாய்களில் குமிழி எனப்படும் மதகின் கற்களிலும் கல்வெட்டு உண்டு. சுண்ணாம்போ சிமெண்டோ பூசும் முன் கல்லைக் கழுவிப் பாருங்கள். எழுத்து தெரிந்தால் தொல்லியல் துறைக்குச் சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

மீன்பாசி குத்தகைக்காரர் கலுங்கில் வலை கட்டிவிடுகிறார். அவரைக் கேட்டால் "நான் விட்ட குஞ்சு ஓடிப்போகும்" என்கிறார்.
– வாசகர், நாச்சியாபுரம்

அவர் பயமும் உண்மை. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கிக் கண்மாயில் விட்டவர் அது வெள்ளத்தோடு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் அந்த வலை, வெளியே இருந்து ஏறி வரும் நாட்டு மீனையும் மறிக்கிறது. குப்பை அடைத்தால் கலுங்கில் நீர்மட்டம் உயர்ந்து கரைக்கே ஆபத்து. குஞ்சு விடும் காலத்தைத் தள்ளிப்போடுவதுதான் வழி. கலுங்கு வழிந்து அடங்கிய பிறகு, நாலங்குலத்துக்குக் குறையாத குஞ்சுகளை விட்டால் வலையே தேவைப்படாது. அடுத்த ஏலத்தில் இதை நிபந்தனையாக எழுதிவிடுங்கள். ஏலம் கேட்பவர் அதைக் கணக்கில் வைத்தே தொகை சொல்வார். ஊருக்கு வரும் பணம் முதல் வருடம் கொஞ்சம் குறையலாம் என்பதைக் கிராம சபையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அணை எதுவும் இல்லை. ஆனாலும் எங்கள் வரத்துக்காலில் மீன் வருவதில்லை.
– வாசகர், பள்ளத்தூர்

சாலைக்கு அடியில் போட்ட சிமெண்ட் குழாயைப் பாருங்கள். குழாயின் வாய் கீழ்ப்பக்கத்தில் அந்தரத்தில் தொங்கி, தண்ணீர் ஓர் அடி விழுகிறதா? பல வாய்க்கால்களில் இதுதான் தடை. கீழே 5 அடி இடைவெளியில் மூன்று நான்கு கல்வரிசை வைத்து, படிக்கு 3 அங்குலமாக நீர்மட்டத்தைக் குழாயின் வாய்வரை உயர்த்தினால் போதும். ஒரு நாள் வேலை. சாலையைப் புதுப்பிக்கும்போது குழாயின் உயரத்தில் கால் பங்கு படுகைக்குக் கீழே புதையும்படி போடச் சொல்லுங்கள். உள்ளே மணல் படிந்து மீனுக்குத் தரை கிடைக்கும்.

ஆற்றைத் தூர்வாரி, சீமைக்கருவேலத்தை எல்லாம் எடுத்துச் சமமாக்கினோம். அதன் பிறகு மீன் இன்னும் குறைந்துவிட்டது. ஏன்?
– வாசகர், கண்டனூர்

சமமாக்கியதுதான் காரணம். இரு கரையும் சீவி, படுகையைத் தரைபோல் மட்டமாக்கினால் தண்ணீர் ஒரே வேகத்தில், ஒரே ஆழத்தில் ஓடிப்போகும். மீன் கோடையைக் கழிக்கும் மடு மண்ணில் நிரவிவிடும். முட்டை ஒட்டும் புல்லும் கோரையும் போய்விடும்.

இனி செய்ய வேண்டியது: வளைவுகளின் வெளிப்பக்கத்தில், பழைய மடு இருந்த இடத்திலேயே, 5 முதல் 6 அடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். அடியில் களிமண் தட்டுப்பட்டால் நிறுத்திவிட வேண்டும். அதை உடைத்துக் கிராவல்வரை போனால் தண்ணீர் நிற்காமல் கசிந்து இறங்கும். மடுவின் மேற்கே நீர்மருது, புங்கன், நாவல் நட்டால் பிற்பகல் வெயிலுக்கு நிழல் கிடைக்கும். கரையில் நாணலும் வெட்டிவேரும் முதல் மழைக்கு முன் ஊன்றியிருக்க வேண்டும். சீமைக்கருவேலத்தை வெட்டினால் துளிர்க்கும். தூரோடு பிடுங்குவதுதான் சரி. ஆனால் வேர் போன கரை அடுத்த வெள்ளத்தில் சரியும் என்பதால் ஒரு வருடம் ஒரு கரை, அடுத்த வருடம் மறு கரை என்று எடுங்கள்.

விலாங்கு மீனும் இந்தக் கல்பாதையில் ஏறுமா?
– மாணவி, காரைக்குடி

பெரிய விலாங்கு ஏறும். விலாங்கு மற்ற மீன்களுக்கு நேர் எதிர்: கடலில் பிறந்து, குட்டியாக ஆற்றுக்குள் வந்து, பல வருடம் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குப் போகிறது. விரல் நீளக் குட்டிகள் நீந்துவதைவிட ஈரமான சொரசொரப்பில் ஊர்ந்து ஏறும். அணையின் பக்கச் சுவரில் தண்ணீர் கசியும் இடத்தில் தடிமனான தேங்காய்நார் வடம் இரண்டு மூன்றை உச்சியிலிருந்து அடிவரை தொங்கவிட்டால் அவை பிடித்து ஏறும். வடம் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். வருடா வருடம் மாற்ற வேண்டும்.

ஊர்ச் சாக்கடை ஆற்றில் சேருகிறது. மீன்பாதை முதலிலா, சாக்கடை முதலிலா?
– வாசகர், காரைக்குடி

சாக்கடை முதலில். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழை, தேங்கிய கழிவை எல்லாம் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டு வரும். அது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன் ஏறத் தொடங்குவதும் அதே மழைக்குத்தான். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடினால் அதுதான் அறிகுறி. அப்படிப்பட்ட இடத்துக்கு வழி திறப்பது மீனைச் சாகக் கூப்பிடுவதற்குச் சமம்.

பாதை திறந்தால் ஆப்பிரிக்கக் கெளுத்தி, ஜிலேபி என்ற வெளிநாட்டு மீன்களும் மேலே போய்விடாதா?
– வாசகர், திருமயம்

போகும். அதனால் முதலில் மேலே உள்ள கண்மாய்களில் வலைபோட்டுப் பாருங்கள். பல இடங்களில் அவை ஏற்கெனவே இருக்கும். யாரோ வளர்க்க விட்டு, கலுங்கு வழியே இறங்கியவை. அப்படியானால் பாதையைத் தடுத்து லாபம் இல்லை. மேலே இரண்டும் இல்லாமல் கீழே மட்டும் இருந்தால் பாதை கட்டுவதைத் தள்ளிவையுங்கள். எங்கள் முடிவான கருத்து இது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு இந்தியாவில் தடை உண்டு. அது காற்றைச் சுவாசித்து ஈரச் சேற்றில் கிடக்கும் என்பதால், கண்மாய் வற்றியதும் ஒழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

கட்டிய பாதையில் மீன் ஏறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், கானாடுகாத்தான்

பாதையின் உச்சியில், வாய் ஆற்றின் கீழ்ப்பக்கத்தை நோக்கி இருக்கும்படி ஒரு பறி வையுங்கள். சிறிய கண் உள்ளதாக இருக்கட்டும்; பெரிய கண் வலையில் அயிரை தப்பிவிடும், ஏறவில்லை என்று தவறாக எழுதிவிடுவீர்கள். விடியலில் ஒரு மணி நேரம், அந்தியில் ஒரு மணி நேரம். என்ன மீன், எத்தனை, மிகச் சிறியது எத்தனை அங்குலம் என்று குறித்துக்கொண்டு மேல்பக்கத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். அதே நாளில் அணைக்குக் கீழேயும் ஒரு பறி வைத்து ஒப்பிட வேண்டும். கீழே 2 அங்குல மீன் நிறைய இருந்து, மேலே 5 அங்குலத்துக்கு மேற்பட்டவை மட்டும் வந்தால், நடுவில் எங்கோ ஒரு படி உயரமாக இருக்கிறது. ஒவ்வொரு வரிசையாக நீர்மட்டத்தை அளந்து 3 அங்குலத்தைத் தாண்டிய இடத்தைக் கண்டுபிடித்து, அதன் கீழே சின்னக் கற்களை இட்டு நீரை உயர்த்துங்கள். கீழேயும் மீன் இல்லை என்றால் பழி பாதைமேல் இல்லை. இன்னும் கீழே வேறோர் அணையோ குழாயோ மறித்திருக்கும், அங்கே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வெள்ளம் வடிந்ததும் இடுக்குகளில் சிக்கிய கொடி, பிளாஸ்டிக், முள் எல்லாவற்றையும் எடுத்த பிறகே பறியை வையுங்கள்.